பக்கத்துக் கிரெஷோடு கூட்டுச் சேர்வது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வர்த்தில் ஒரு பிரீஸ்கூல் நடத்துகிறேன். 46 குழந்தைகள், பார்த்துக்கொள்ள என்னையும் சேர்த்து ஐந்து பேர். இங்கிருந்து இருபத்தைந்து நிமிடம் நடந்தால் பாட்டில்பிரஷ் குடிசைப்பகுதி. அங்கே ஒரு ஜூலு அம்மா இரண்டு பழைய கன்டெய்னர்களை ஒட்டிப்போட்டு ஒரு கிரெஷ், அதாவது குழந்தைகள் காப்பகம், வைத்து 28 குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். உதவிக்கு ஒரே ஒரு பெண். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் இரண்டு இடமும் சேர்ந்து வேலை செய்கின்றன. பக்கத்து ஆரம்பப் பள்ளியின் கிரேடு ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) டீச்சர் அடுத்த வருடம் வந்து சேர்ந்துகொண்டார்.

குழந்தைகள் அந்த அம்மாவைக் கோகோ என்பார்கள், ஜூலுவில் பாட்டி. என்னை ஆயா என்பார்கள். தமிழ்நாட்டில் பள்ளிக்கூட ஆயா என்றால் வேறு அர்த்தம், எங்கள் டர்பன் தமிழில் ஆயாவும் பாட்டிதான். அதனால் இங்கேயும் அவரைக் கோகோ என்றே எழுதுகிறேன்.

டர்பன் பக்கத்து மெரிபேங்க்கிலிருந்தும் டோங்காட்டிலிருந்தும் என்னைப் போல பிரீஸ்கூல் நடத்தும் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: ஒப்பந்தத்தை எப்படி எழுதினீர்கள்? நான் திருப்பிக் கேட்கிறேன்: உங்கள் டீச்சர் பக்கத்துக் கிரெஷைப் பார்க்கப் போகும் காலையில், அவருடைய குழந்தைகளோடு யார் உட்காருவார்கள்? இதற்குப் பதில் இருந்தால் கூட்டு நடக்கும். இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது காகிதம்தான்.

எனக்கு அது பட்டுத் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பு எங்களைக் கூட்டாளி ஆக்கிக்கொண்டது. வாசலில் ஒரு பெயர்ப்பலகை வைத்தார்கள், ஒரு பெட்டி பொம்மை கொடுத்தார்கள், குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மாதாமாதம் ஒரு படிவம் நிரப்பி அனுப்பச் சொன்னார்கள். அந்தப் படிவத்தை நிரப்ப என் டீச்சர் ஒவ்வொரு மாதமும் ஒரு காலைப்பொழுதைக் குழந்தைகளிடமிருந்து எடுத்தார். பதினான்கு மாதம் அனுப்பினோம், ஒருவர்கூட அதைப் பற்றி எங்களிடம் பேசவில்லை. குழந்தையின் நாளில் எதுவும் கூடவில்லை, குறையத்தான் செய்தது.

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள்

அமெரிக்காவில் ஹெட் ஸ்டார்ட் என்ற திட்டம் 1965-இல் ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கியது. பல ஊர்களில் அது அரை நாள் வகுப்பு. முழு நாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அரை நாள் போதாது. முழு நாள் திறந்திருக்கும் கிரெஷிலோ ஹெட் ஸ்டார்ட் தரும் பயிற்சியும் உடல்நலப் பரிசோதனையும் கிடைக்காது. அதனால் இரண்டையும் இணைத்துப் பார்த்தார்கள். 2014-இல் இதற்கென்றே 50 கோடி டாலர் ஒதுக்கி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பார்க்கும் சாதாரண கிரெஷ்களும் வீட்டுக் காப்பகங்களும் அதன் சின்னக் குழந்தைப் பிரிவான ஏர்லி ஹெட் ஸ்டார்ட் அமைப்புகளோடு சேர வழி செய்தார்கள். சேர்கிற கிரெஷ் அந்தத் திட்டத்தின் விதிக்கு வர வேண்டும்: நான்கு குழந்தைக்கு ஒரு பெரியவர், ஒரு குழுவில் எட்டுக்கு மேல் கூடாது. அப்படி ஆள் கூட்டுவதற்கான பணமும் பயிற்சியும் கூட்டின் வழியாகவே வந்தன. தரம் உயர்வதற்கான வழி இதுதான் என்று நான் நம்புகிறேன். விதியை மட்டும் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கொடுக்காமல் இருந்தால், ஏற்கெனவே களைத்துப்போன ஒரு பெண்ணின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதாகத்தான் ஆகும்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் விதி வேறு. ஒன்றரை வயதுக்குட்பட்ட ஆறு குழந்தைக்கு ஒரு பெரியவர். ஒன்றரையிலிருந்து மூன்று வயதுவரை பன்னிரண்டு பேருக்கு ஒருவர். மூன்றிலிருந்து நான்கு வயதுக்கு இருபது பேருக்கு ஒருவர். அரசு மானியம் பல வருடமாக ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 17 ரேண்ட், வருடத்தில் 264 நாள். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 4,488 ரேண்ட். 2025 பட்ஜெட்டில்தான் அதை 24 ரேண்டாக உயர்த்தினார்கள். 2021-இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுக்க 42,420 கிரெஷ்களும் பிரீஸ்கூல்களும் இருந்தன. மானியம் கிடைத்தது மூன்றில் ஒரு பங்குக்குத்தான். நாங்கள் சேர்ந்தபோது கோகோவுக்கு மானியமும் இல்லை, பதிவும் இல்லை. ஆறு குழந்தைக்கு மேல் பார்த்தாலே பதிவு வேண்டும் என்பது சட்டம்.

ஆகவே எங்கள் கூட்டின் முதல் செலவு ஒரு மாற்று டீச்சர். வாரத்தில் இரண்டு நாள் வருவார். செவ்வாய் என்னிடம், வியாழன் கோகோவிடம். சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்னுடையது, ஒரு பங்கு கோகோவுடையது. ஒரு குழந்தைக்கு நான் வாங்கும் கட்டணம் மாதம் 1,200 ரேண்ட், அவருடையது 250. சரிபாதி என்று பிரித்திருந்தால் பார்க்க நியாயமாக இருந்திருக்கும், ஆனால் மூன்றாவது மாதமே அவர் விலகியிருப்பார். உங்கள் கூட்டிலும் யார் எவ்வளவு தாங்குவார்கள் என்பதை முதல் நாளே வெட்கப்படாமல் பேசுங்கள்.

மாற்று டீச்சர் வைக்க வசதியில்லையா? மாதம் ஒரு காலைப்பொழுதுக்காவது ஓய்வுபெற்ற ஒரு டீச்சரைக் கேட்டுப் பாருங்கள். யாராக இருந்தாலும் ஃபார்ம் 30 போட்டு, குழந்தைகளுக்குத் தீங்கு செய்தவர்களின் தேசியப் பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்று வந்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். அந்தச் சான்று வர நாளாகும், முதல் வேலையாக விண்ணப்பித்துவிடுங்கள். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

போய் உட்காருங்கள், ஒரு மாதம் ஒன்றும் சொல்லாதீர்கள்

முதல் மாதம் என் டீச்சர் கோகோவிடம் போனார், கோகோவின் உதவியாளர் என்னிடம் வந்தார். காலை எட்டிலிருந்து பத்தரை வரை. சொல்லிக்கொடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, குழந்தைகளோடு தரையில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் விதி.

நான் அதை மீறினேன். எங்கள் நேர அட்டவணையை அச்சடித்துக் கொண்டுபோய்க் கன்டெய்னர் சுவரில் ஒட்டினேன். ஒன்பது மணிக்கு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கதை கேட்பது என்று அதில் இருந்தது. கோகோ மறுக்கவில்லை, மரியாதைக்காகச் செய்து பார்த்தார். ஒன்பது மணிக்கு அவருடைய குழந்தைகள் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். அம்மாக்கள் வீட்டு வேலைக்கும் ஃபேக்டரிக்கும் முதல் டாக்சியைப் பிடிக்கப் போகிறவர்கள். குழந்தைகள் காலை ஐந்தரைக்கே அங்கே வந்துவிடுகிறார்கள். நான் போய்ச் சேர்ந்த எட்டு மணி அவர்களுக்கு நடுக்காலை. கோகோ கதை சொல்வது ஆறரை மணிக்கு, இருட்டு விலகும் நேரத்தில், மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக. அதை நான் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அந்த நேரத்துக்கு நான் போனதே இல்லை. அடுத்த வாரம் ஆறு மணிக்குப் போனேன். அட்டவணையை நானே கிழித்து எடுத்துவந்தேன்.

பெரிய இடம் சின்ன இடத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் என்று நினைத்துத்தான் பலர் கூட்டைத் தொடங்குகிறார்கள். போய் உட்கார்ந்து பார்க்காதவரை அந்த நினைப்பு போகாது.

பத்து நிமிட எண்ணிக்கை

இரண்டாவது மாதத்திலிருந்து பார்ப்பதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டோம். கையில் சின்ன நோட்டு, பத்து நிமிடம், மூன்றே வகைக் கோடு. பெரியவர் குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்கிப் பேசினால் ஒரு கோடு. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் ஒரு கோடு. குழந்தை தானாகவே வந்து பேச்சைத் தொடங்கினால் ஒரு கோடு.

எங்கள் வகுப்பறையில் புத்தக அலமாரி இருக்கிறது, நீர் விளையாட்டுத் தொட்டி இருக்கிறது. கோகோவின் உதவியாளர் எங்களிடம் எண்ணியபோது காத்திருந்த கோடு மூன்றுதான் விழுந்தது. என் டீச்சர் அங்கே எண்ணியபோது பதினொன்று. கோகோ பாட்டில் மூடிகளைக் கையில் மூடிவைத்துக்கொண்டு எத்தனை என்று கேட்பார், பிறகு பேசாமல் இருப்பார். குழந்தை யோசிக்கும், முகம் சுளிக்கும், விரலை விடும். அவர் பேசாமலேயே இருப்பார். நாங்கள் அப்படியில்லை, குழந்தை வாயைத் திறப்பதற்குள் பதிலை நாமே சொல்லி அடுத்ததுக்குப் போய்விடுவோம். அந்தக் காத்திருப்பை என் டீச்சர்கள் கோகோவிடம்தான் கற்றார்கள். அப்போது நான் அனுப்பிய எந்தப் பயிற்சி வகுப்பும் அதைக் கொடுத்ததில்லை.

மறுபக்கம் பாருங்கள். கோகோவிடம் சாப்பாட்டுக்கு முன் கை கழுவ ஒரே பேசின், 28 குழந்தைக்கும் அதே தண்ணீர். வயிற்றுப்போக்கு ஓயாது. இது அவருடைய அக்கறைக் குறைவு அல்ல, கன்டெய்னருக்குக் குழாய் இல்லை. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் ஆணியால் ஓட்டை போட்டு, குச்சியில் தொங்கவிட்டு, கழுத்தில் கயிறு கட்டிக் காலால் மிதிக்கும் ஒரு கட்டையோடு இணைத்தோம். மிதித்தால் கேன் சாயும், தண்ணீர் ஒழுகும். கேனைக் கையால் தொடவே வேண்டாம். ஆரஞ்சுப் பழம் வரும் வலைப்பையில் சோப்பைப் போட்டுப் பக்கத்தில் கட்டினோம். அரை நாள் வேலை. இரண்டு வைத்திருக்கிறோம், ஒன்று சின்னவர்களின் உயரத்தில்.

இன்னும் முறையாக அளக்க நினைப்பவர்களுக்கு, ஹார்ம்ஸ், கிளிஃபோர்ட் என்ற இருவர் 1980-இல் வெளியிட்ட ஈசர்ஸ் அளவுகோல் இருக்கிறது. 1 என்றால் போதாது, 3 குறைந்தபட்சம், 5 நன்று, 7 மிக நன்று. இடவசதி, சுத்தம், பேச்சு, விளையாட்டைக் குழந்தையே தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பலதையும் பார்க்கும். வருடத்துக்கு ஒரு முறை அதைச் செய்யலாம். மாதாமாதம் செய்ய எங்கள் பத்து நிமிடம் போதும். ஒன்று மட்டும்: எண்ணிக்கை வந்த நாளிலேயே அதைப் பற்றிப் பேசிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அது புகாராக மாறிவிடும்.

சாமான் வாங்குவது, காகித வேலை

இதில் நீட்ட ஒன்றுமில்லை. சோளமாவு, சுகர் பீன்ஸ் என்ற பயறு, பருப்பு, சோயா எல்லாவற்றையும் தனித்தனியாக டக் ஷாப் என்ற சின்னக் கடையில் வாங்காமல், மாதம் ஒரு முறை சேர்த்து மொத்தக் கடையில் வாங்குகிறோம். மிச்சத்தில் இரண்டு இடத்திலும் வாரம் இரண்டு முறை முட்டை. 2024-இல் சொவெட்டோவில் டெர்பூஃபாஸ் என்ற பூச்சிமருந்தால் ஆறு குழந்தைகள் இறந்ததிலிருந்து, பாக்கெட் தின்பண்டம் எதையும் உள்ளே அனுமதிப்பதில்லை என்று இரண்டு இடமும் ஒரே நாளில் அறிவித்தோம். ஒரு இடம் மட்டும் சொன்னால் பெற்றோர் கோபப்படுவார்கள். இரண்டும் சொன்னால் அது வழக்கமாகிவிடும். கணக்குக்கு ஒரே நோட்டு, இரண்டு கையெழுத்து. பேங்க் கணக்கைச் சேர்க்காதீர்கள்.

பதிவு வேலை பெரியது. நாங்கள் சேர்ந்த அந்த ஏப்ரல் முதல் தேதிதான் சின்னக் குழந்தைகளின் பொறுப்பு சமூக மேம்பாட்டுத் துறையிலிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறியது. எந்த ஜன்னலில் நிற்பது என்றே கொஞ்ச நாள் எங்களுக்குப் புரியவில்லை. சனிக்கிழமை மதியங்களில் கோகோவோடு உட்கார்ந்து ஒரு ஃபைல் தயாரித்தோம்: நகராட்சியின் சுகாதாரச் சான்று, சாப்பாட்டுப் பட்டியல், தீப்பிடித்தால் என்ன செய்வது, யார் யாரைக் கூட்டிப்போகலாம் என்ற பட்டியல். 2025-இல் பானா பெலே என்ற பதிவு இயக்கம் வந்தது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாக ஏறலாம். ஃபைல் தயாராக இருந்ததால் கோகோவுக்கு வெண்கலம் சீக்கிரம் கிடைத்தது. கூட்டுச் சேர்ந்தவர்களில் ஏற்கெனவே பதிவு பெற்றவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். மானியத்தின் கதவு அதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

இன்னொன்று, கிளினிக். ஒவ்வொரு குழந்தைக்கும் பிறக்கும்போது ஒரு ரோடு டு ஹெல்த் புத்தகம் கொடுப்பார்கள்: தடுப்பூசி, எடை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ, குடற்புழு மருந்து எல்லாம் அதில் இருக்கும். 28 குழந்தைக்காக சிஸ்டர் மலையேறி வர மாட்டார். 74 குழந்தை என்று சேர்த்துக் கேட்டபோது வந்தார்.

சண்டை வரும் இடம்

பயிற்சி பெற்ற ஆள் போய்விடுவது. இதை மறைக்கக் கூடாது. கோகோவின் உதவியாளர் எங்கள் செலவில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கான நான்காம் நிலைச் சான்றிதழ் படித்து முடித்தார். முடித்த மாதமே வேறோர் இடம் அவரை அதிகச் சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. படித்தவர் இரண்டு வருடம் போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதலாம் என்றேன். கோகோ ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணுக்கு நாம் கொடுத்தது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியா என்று கேட்டார். 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது. நாங்கள் கொடுத்தது அதைவிடக் குறைவு. அதற்குப் பிறகு நான் அந்த வரியைப் பற்றிப் பேசவில்லை. மொத்தக் கொள்முதலில் மிஞ்சியதில் ஒரு பகுதி இப்போது புதிய உதவியாளரின் சம்பளத்துக்குப் போகிறது. அவர் இருக்கிறார். குழந்தைக்கு முகம் மாறாமல் இருப்பது ஒரு புதிய பொம்மை அலமாரியைவிட முக்கியம். இரண்டு வயதுப் பிள்ளை ஒரு வருடத்தில் மூன்று பெரியவர்களிடம் பழகி மூவரையும் இழந்தால், நான்காவது ஆளிடம் ஒட்டாது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பெற்றோர். என்னிடம் வரும் சிலர், பாட்டில்பிரஷ் குழந்தைகள் இங்கே வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு நோய் வரும் என்றார்கள். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் நடுவே இந்த ஊர்களில் எவ்வளவு பயம் இருந்தது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கடிதம் போட்டு விளக்கவில்லை. ஆடி மாதம் கஞ்சிப் பூசைக்கு எங்கள் பெற்றோர் வழக்கமாகப் புளிக்கஞ்சி காய்ச்சுவார்கள். கோகோவின் ஊர்ப் பெண்களையும் காய்ச்ச அழைத்தோம். அவர்களுக்கும் புளித்த மாவுக்கஞ்சி பழக்கம், பெயர்தான் வேறு. இரண்டு குடும்பம் பிள்ளைகளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது. மற்றவர்கள் இருந்தார்கள்.

குழந்தைகளின் படமும் விவரமும் இரண்டு இடத்துக்கும் நடுவே போகும் என்பதால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தனிநபர் தகவல் சட்டம் அதைக் கேட்கிறது.

கிரேடு ஆர் டீச்சரைச் சேர்ப்பது

2021-இல் நாடு முழுக்கச் செய்த ஆய்வில், கிரெஷுக்கும் பிரீஸ்கூலுக்கும் போகும் நான்கு ஐந்து வயதுக் குழந்தைகளிலேயே 57 சதவீதம் பேர் அந்த வயதுக்குரிய நிலையில் இல்லை என்று தெரிந்தது. அந்தப் பிள்ளைகளை வாங்கிக்கொள்வது கிரேடு ஆர் டீச்சர்தான். முன்பெல்லாம் அவரும் நானும் ஒருவரை ஒருவர் குறை சொல்லியிருக்கிறோம், சந்திக்காமலேயே.

இப்போது அவர் அக்டோபரில் இரண்டு இடத்துக்கும் ஒரு காலை வருகிறார். நவம்பரில் போகப்போகிற பிள்ளைகளை நாங்கள் அவருடைய வகுப்புக்குக் கூட்டிப்போகிறோம். மதிப்பெண் எதுவும் அனுப்புவதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறோம்: வீட்டில் என்ன மொழி, யார் கூட்டிப்போக வருவார்கள், எதைக் கண்டால் பயம், அழுதால் எது அடக்கும், எந்த விளையாட்டில் நேரம் போவதே தெரியாமல் இருப்பான். போன வருடம் ஒரு பையனுக்குக் கோகோ ஜூலுவில் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி: சத்தமாகக் கூப்பிட்டால் மேசைக்கு அடியில் போய்விடுவான், பக்கத்தில் உட்கார்ந்து மூடிகளை எண்ணத் தொடங்கினால் வெளியே வருவான். பிப்ரவரியில் டீச்சர் என்னிடம் ஒரு பை நிறைய பாட்டில் மூடி கேட்டு வாங்கிப்போனார்.

ஒப்பந்தம் எழுதுவது

இப்போது எழுதுங்கள், ஒரு வருடம் பழகிய பிறகு. எங்களுடையது ஒன்றரைப் பக்கம், இங்கிலீஷில் ஒன்று, ஜூலுவில் ஒன்று. யார் எதற்கு எவ்வளவு கொடுப்பது, மாற்று டீச்சர் எந்த நாள் எங்கே, எந்தப் பொருள் யாருடையது, ஒரு குழந்தையைப் பற்றிக் கவலை வந்தால் முதலில் யாரிடம் சொல்வது, விலக வேண்டுமானால் எத்தனை மாதம் முன்னால் சொல்வது. கடைசி வரி: ஒவ்வொரு நவம்பரும் இருவரும் உட்கார்ந்து இதை வாசித்து, வேலை செய்யாததை அடித்துவிடலாம்.

போன நவம்பரில் பொம்மைப் பெட்டி மாற்றிக்கொள்வதை அடித்தோம். தூக்கிச் சுமப்பதற்குத்தான் ஆள் தேவைப்பட்டதே தவிர, பிள்ளைகள் பழைய பொம்மையையே கேட்டு அழுதார்கள். புதிதாகச் சேர்த்தது, மாதத்தில் ஒரு நாள் என் டீச்சர்களில் ஒருவர் காலை ஐந்தரைக்குக் கோகோவின் கன்டெய்னரைத் திறக்க வேண்டும் என்பது. அந்த நாளில் கோகோ ஏழு மணிவரை தூங்கலாம்.